கஸ்டம் லூப் (தனித்தனிப் பாகங்களை நாமே இணைக்கும் தண்ணீர்க் குளிரூட்டி) போடப்போகிறேன். புராசஸர் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் வாட்டர் பிளாக்கை விலை கூடினதாக வாங்கினால் புராசஸர் சூடு நிறையக் குறையுமா? எதைப் பார்த்து வாங்குவது?

நிறையக் குறையாது. ஓரளவு பெயருள்ள பிளாக்குகளை ஒரே லூப்பில் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தாலும், நல்லதுக்கும் மிக நல்லதுக்கும் நடுவே பெரும்பாலும் சில டிகிரிதான் வித்தியாசம் வரும். விளம்பரப் படத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது, அது வேறு விஷயம்.

சூடு வரும் வழியைப் பார்த்தால் காரணம் புரியும். சிலிக்கான் சில்லில் உண்டாகும் சூடு முதலில் சாலிடரைக் கடக்கிறது, அடுத்து புராசஸரின் மேல்மூடியான ஹீட் ஸ்ப்ரெடரை, பிறகு தெர்மல் பேஸ்டை. இத்தனையும் தாண்டித்தான் பிளாக்கின் அடித்தட்டுக்கு வருகிறது. பிளாக் செய்பவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அவர் கைவைக்க முடிவது கடைசிப் பகுதியில் மட்டுமே. ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸ் முழு வேகத்தில் 230 வாட் வரை இழுக்கும். அதில் பெரும்பகுதி, ஒவ்வொன்றும் சுமார் 70 சதுர மில்லிமீட்டரே உள்ள இரண்டு குட்டிச் சில்லுகளிலிருந்து வெளியேற வேண்டும். இன்டெல்லின் கோர் ஐ9 14900கே 253 வாட் வரை போகும், ஆனால் அதன் ஒற்றைச் சில்லு 250 சதுர மில்லிமீட்டருக்கும் மேல், சூடு வெளியேற இடம் அதிகம். அதனால் தண்ணீர் குளுகுளு என்று இருக்கும்போதே ரைசன் 95 டிகிரியைத் தொட்டால் பிளாக்கைத் திட்டாதீர்கள். அந்த வரிசை புராசஸர்கள் முழுச் சுமையில் 95 வரை போகும்படிதான் வடிவமைக்கப்பட்டவை என்று ஏஎம்டியே சொல்லியிருக்கிறது.

ரைசனில் இன்னொன்று: அந்தக் குட்டிச் சில்லுகள் மூடியின் நடுவில் இல்லை, ஒரு ஓரமாக இருக்கின்றன. பிளாக்கைச் சில மில்லிமீட்டர் அந்தப் பக்கம் தள்ளிப் பொருத்தும் பிராக்கெட் சில நிறுவனங்கள் தருகின்றன. ஏஎம்5 (இந்த ரைசன்கள் உட்காரும் சாக்கெட்) போர்டு வைத்திருப்பவர் இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே தடுமாறினால், இந்த வசதி இருப்பதை எடுக்கலாம். செலவில்லாமல் சூடு குறைய இது ஒரு வழி.

பொருத்தும் கிட் சரியானதுதானா என்பதை வாங்குவதற்கு முன்பே பாருங்கள். இன்டெல்லின் எல்ஜிஏ 1156 முதல் 1200 வரையான சாதாரண சாக்கெட்டுகளில் பொருத்தும் துளைகளுக்கு இடையே 75 மில்லிமீட்டர். 1700-இல் அது 78 ஆனது, உயரமும் குறைந்தது. 1851-உம் அதே 78தான். ஏஎம்டியின் முந்தைய சாக்கெட்டான ஏஎம்4-க்கு வாங்கிய பிளாக், போர்டோடு வரும் பின்தட்டிலேயே திருகும் வகை என்றால் ஏஎம்5-இலும் பொதுவாக உட்காரும். தனிப் பின்தட்டு கேட்கும் வகை உட்காராது, ஏனென்றால் ஏஎம்5-இல் அந்தத் தட்டைக் கழற்ற முடியாது. ஏஎம்டியின் பெரிய புராசஸரான திரெட்ரிப்பர் என்றால் அதற்கென்றே செய்த பெரிய பிளாக்தான் வேண்டும். சின்னதைப் பொருத்தினால் மூடியின் ஓரங்கள் வெறுமனே கிடக்கும்.

அடுத்து உலோகம். நான் மிகவும் கறாராக இருப்பது இதில்தான். அடித்தட்டு தாமிரமாக இருக்க வேண்டும். தாமிரத்தின் வெப்பக் கடத்துத்திறன் 400 வாட்டை ஒட்டியது (ஒரு மீட்டருக்கு, ஒரு கெல்வினுக்கு), தூய அலுமினியத்துக்கு 240-க்குள். ஆனால் அலுமினியத்தை நான் தள்ளிவைக்கும் முக்கியக் காரணம் அரிப்பு. தாமிரமும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் நனைந்தால் மின்கலம் மாதிரி வேலை செய்து அலுமினியம் கரைந்துகொண்டே போகும். ஆகவே பிளாக் தாமிரம் என்றால் ரேடியேட்டர், ஃபிட்டிங் (குழாய் இணைப்பு), ரிசர்வாயர் (தண்ணீர்த் தொட்டி) மூடி எதிலும் அலுமினியம் தண்ணீரைத் தொடக் கூடாது. மலிவு ரேடியேட்டர்களில் இதைத் தேடிப் பார்க்க வேண்டும். எல்லாம் சேர்த்து நிரப்பியே விற்கும் மூடிய ஏஐஓ கூலர்களில் இரண்டும் சேர்ந்து வருகிறதே என்றால், அவர்கள் அரிப்புத் தடுப்பான் கலந்த திரவத்தை அடைத்துத் தருகிறார்கள். நிக்கல் பூச்சு தாமிரம் கறுக்காமல் இருக்க. அந்த மெல்லிய பூச்சால் சூடு கடப்பதில் நீங்கள் உணரும் மாற்றம் எதுவும் இராது.

பிளாக்கின் உள்ளே இருக்கும் ஃபின்களின் (மெல்லிய தகடு வரிசை) இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குதான். பரப்பு கூடுவதால் சூடு நன்றாக இறங்கும், ஆனால் இடைவெளி குறுகியதால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பால் போன்ற நிறத் திரவங்களில் மிதக்கும் துகள்களும், மென்மையான பிவிசி குழாய்களிலிருந்து கசியும் பிளாஸ்டிசைசரும் (குழாயை மென்மையாக்கச் சேர்ப்பது) அங்கேதான் வந்து படியும். எனவே சாதாரணத் திருகுகளால் பிரித்து, பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை மீண்டும் உட்காரவைத்து மூட முடிகிற பிளாக்கே என் தேர்வு. ஒரு டிகிரி கூடினாலும் பரவாயில்லை.

பிளாக் தண்ணீர் ஓட்டத்துக்குத் தரும் தடையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினால், 250 வாட் சூட்டை வாங்கும் தண்ணீர் பிளாக்கைக் கடக்கையில் ஒரு டிகிரிகூடச் சூடாவதில்லை. 2 லிட்டர் என்றால் இரண்டு டிகிரிக்குள். டி5 வகைப் பம்ப் ஒன்று இதைத் தாராளமாகத் தள்ளும். இன்லெட், அவுட்லெட் மாறாமல் மட்டும் பாருங்கள். பல பிளாக்குகளில் தண்ணீர் ஒரு ஜெட் பிளேட் (பிளவுள்ள மெல்லிய தகடு) வழியாக ஃபின்களின் நடுவில் பாய வேண்டும். திருப்பி மாட்டினால் சூடு கூடும்.

பிளாக்கின் மேல்பாகம் கண்ணாடி போன்ற அக்ரிலிக்கா, ஒளி ஊடுருவாத பிளாஸ்டிக்கான அசிட்டாலா? உள்ளே தண்ணீர் ஓடுவதைப் பார்க்க ஆசை என்றால் அக்ரிலிக். அதை ஆல்கஹாலால் துடைக்காதீர்கள், நுண்விரிசல் விழும். ஜி1/4 அளவுத் திரெட் உள்ள ஃபிட்டிங்கை முறுக்கி நெரித்தாலும் அதேதான் நடக்கும். கசிவைத் தடுப்பது ஓ-ரிங், ஆகவே கையால் இறுக்குவதே போதும், டெஃப்லான் டேப் தேவையில்லை. எனக்கு அசிட்டால்தான் பிடிக்கும். ஆர்ஜிபி விளக்கு உங்கள் விருப்பம்.

பழைய பிளாக் மலிவாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், தாமிரத்துக்கு வயதாவதில்லை. பிரித்த படம் கேளுங்கள். நிக்கல் உரிந்திருக்கிறதா, திரெட் அருகே விரிசல் கோடுகள் விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஓ-ரிங்கைப் புதிதாக மாற்றுங்கள். உங்கள் சாக்கெட்டுக்கான பிராக்கெட் இன்னும் தனியாக விற்பனையில் உள்ளதா என்பதைப் பணம் கொடுக்கும் முன் உறுதிசெய்துகொள்ளுங்கள்.