திறப்பு யாரிடம்?

கேள்வி: வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவள் நான். போன ஆவணியில் மாலபேயில் எட்டுப் பேர்ச் காணியோடு வீடு வாங்கி வந்தோம். பத்து மாதமாகியும் ஒரு முகம்கூடப் பழக்கமில்லை. மகளின் பாடசாலை பம்பலப்பிட்டியில், எங்கள் இருவரின் வேலையும் அந்தப் பக்கம்தான், விடிய ஐந்தரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு ஏழாகும். கோயிலும் சொந்தங்களும் வெள்ளவத்தையில் என்பதால் சனி ஞாயிறு அங்கே ஓடிவிடுகிறோம். மாமி எங்களோடுதான் இருக்கிறார், பதுளையில் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலி, அம்மாவின் மாடி வீட்டுக்கு ஏற முடியாது, அதனால் பாதுகாப்புக்குக் கேற்றை வெளியால் பூட்டிவிட்டுத்தான் போவோம். அயலவர்கள் கெட்டவர்கள் என்றில்லை. வருஷப் பிறப்பன்று நாங்கள் வெள்ளவத்தையில் நின்ற நேரம், மதிலுக்கு மேலால் மாமியிடம் பலகாரத் தட்டு நீட்டினார்களாம். இந்த ஊரை எப்படித் தெரிந்துகொள்வது?
– மாலபே வாசகி

பதில்: மதிலுக்கு மேலால் ஏன், தங்கச்சி? கேற் என்று ஒன்று இருக்கிறதே.

கொஞ்ச நாளில் எல்லாம் பழகிவிடும் என்று எழுதுவேன் என்று நினைத்திருப்பீர்கள். பழகாது. இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை, அத்துருகிரிய, கொட்டாவை, பிலியந்தலை என்று ஊரின் பெயர் மட்டும்தான் மாறும். ஆனால் இந்தத் தட்டு எனக்குப் புதிது. கொக்கிசும் பாற்சோறும் வைத்து ஒரு பெண் உங்கள் வாசலுக்கு வந்திருக்கிறாள், கேற்றில் வெளிப்பக்கம் பூட்டுத் தொங்குகிறது, உள்ளே ஒரு வயதானவர் தனியே நிற்கிறார், அதுவும் நல்ல நாளில். அவள் என்ன நினைத்திருப்பாள்? நீங்கள் யாரென்று அந்த ஒழுங்கைக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? நன்றாகத் தெரியும். மாமியைப் பூட்டி வைத்துவிட்டுப் போகிறவர்கள் என்று தெரியும்.

கோபம் வரட்டும், பரவாயில்லை. ஐந்தரையிலிருந்து ஏழு மணி வரை எத்தனை மணித்தியாலம் என்று கணக்குப் பாருங்கள். பதின்மூன்றரை. 2021 கடைசியில் வீட்டுக்கு வீடு காஸ் வெடித்த செய்தி வந்துகொண்டிருந்த காலத்தை அதற்குள் மறந்துவிட்டோமா? அடுப்பில் ஏதும் நடந்தால், குளியலறையில் வழுக்கி விழுந்தால், அந்தப் பூட்டு யாருக்குப் பாதுகாப்பு? கள்ளன் மதில் ஏறி வருவான், முழங்கால் வலிக்காரி மதில் ஏறித் தப்ப முடியாது. கல்யாணம் கட்டி வந்த வீட்டின் மூத்தவர் அவர், சைக்கிள் இல்லை பூட்டி வைக்க. இதில் உங்கள் கணவருக்குத்தான் முதல் குட்டு, அவருடைய தாய். ஆனால் கடிதம் எழுதியது நீங்கள், அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

சிங்கள ஊருக்குள் தனித்த தமிழ் வீடு, பயமாக இருக்கிறது, அதுதான் பூட்டு என்று சொல்வீர்கள். அந்தப் பயத்தை நான் சிரித்துத் தள்ளமாட்டேன், 83 ஆடியைக் கண்ட வயது எனக்கு. ஆனால் அன்றைக்குத் தப்பியவர்களில் எத்தனை பேர் அயல் வீட்டுக் கதவு திறந்ததால் தப்பினார்கள் என்று உங்கள் அம்மாவிடமே கேட்டுப் பாருங்கள். முகம் தெரியாத வீட்டுக்காக யார் கதவைத் திறப்பார்கள்?

சரி, ஊருக்கு வருவோம். மாலபே யாருக்குப் பழைய ஊர் என்று நினைக்கிறீர்கள்? 1982இல் பாராளுமன்றம் கோட்டேக்கு வந்தது, பின்னால் அமைச்சுகளும் பாஸ்போர்ட் கந்தோரும் பத்தரமுல்லைக்கு வந்தன, மாலபேயில் தனியார் கம்பஸ்கள் முளைத்து வீட்டுக்கு வீடு போர்டிங் பிள்ளைகள், 2014இல் கொட்டாவைக்கும் கடுவெலவுக்கும் இடையே நெடுஞ்சாலை திறந்தது, வயலும் தோட்டமும் பேர்ச் கணக்கில் துண்டு துண்டாகப் போயின. உங்கள் ஒழுங்கையிலும் பாதிப்பேர் உங்களைப் போல லொறியில் சாமான் ஏற்றி வந்தவர்களாகத்தான் இருப்பார்கள், தட்டு தந்தவளும் அதில் ஒருத்தியோ என்னவோ. கொழும்புக் கோட்டையிலிருந்து மாலபேக்கு வரவிருந்த இலகு ரயிலை 2020இல் கைவிட்டார்கள். வந்திருந்தால் 177 பஸ்ஸில் இராஜகிரிய நெரிசலுக்குள் நின்று கரையாமல் வேளைக்கு வீடு சேர்ந்திருப்பீர்கள், மாமியின் பூட்டும் ஒரு மணித்தியாலம் முந்தித் திறந்திருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊரைத் தெரிந்துகொள்வது என்றால் எந்தக் கடையில் என்ன விலை என்பதில்லை. உங்கள் காணி முந்தி வயலா, மேட்டு நிலமா? 2016 வைகாசியில் களனி கங்கை பெருகிக் கடுவெலப் பக்கம் மூழ்கியபோது உங்கள் ஒழுங்கையில் தண்ணீர் எதுவரை நின்றது? காணி விற்றவர் இதைச் சொல்லமாட்டார், மூன்று வீடு தள்ளி நாற்பது வருஷமாக இருக்கும் ஓர் ஆச்சி சொல்வார், அதையும் சிங்களத்தில், ஆறுதலாக, தேத்தண்ணி ஒன்று குடித்துக்கொண்டுதான் சொல்வார். அதைக் கேட்க உங்களுக்கு நேரமில்லை. மாமிக்கு இருக்கிறது. பதுளைத் தபால் கந்தோரில் இருந்தவருக்குச் சிங்களம் தெரியாமலா? யார் எந்த வீடு, யாருக்கு வெளிநாட்டுக் கடிதம் வரும், யார் யாரோடு கோபம் என்று ஒரு ஊரையே தெரிந்து வைத்திருக்க வேண்டிய வேலை அது. அப்படிப்பட்ட ஆளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு என்னிடம் வழி கேட்கிறீர்கள்.

நாளைக்கே இன்னொரு திறப்பு வெட்டி மாமியின் கையில் கொடுங்கள், பூட்டு உள்பக்கம் வரட்டும். சூன் பாண் ஓட்டோவின் பாட்டுக் கேட்டதும் அவரே போய்ப் பாண் வாங்கட்டும், ஒரு கிழமையில் அந்தப் பாண்காரரின் ஊரும் பிள்ளைகளும் உங்களுக்குத் தெரிந்துவிடும். மாதத்தில் இரண்டு சனி ஞாயிறு மாலபேயில் நில்லுங்கள், வெள்ளவத்தை எங்கும் ஓடாது. அப்புறம், உங்கள் வாக்கு இன்னும் வெள்ளவத்தை விலாசத்தில்தானே? லீவு போட்டுக் கிராம உத்தியோகத்தரைப் போய்ப் பாருங்கள், மாமியையும் கூட்டிக்கொண்டு.

அந்தத் தட்டைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. வெறுந்தட்டாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று உங்களுக்கும் தெரியும். மாமியிடம் கேட்டுப் பாருங்கள், என் ஊகம், அவர் அதில் எதையோ போட்டு மதிலுக்கு மேலாலேயே எப்போதோ கொடுத்திருப்பார். என்ன போட்டார் என்று எனக்கு எழுதுங்கள்.