ஒன்பதாம் வகுப்பும் இரவு ஒரு மணி போனும்

அன்புள்ள அம்மா,

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்திலிருந்து மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தீர்கள். இரவு ஒரு மணிவரை போனில் விளையாடுகிறான் என்பது ஒரு கவலை, ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு எந்தப் பாடங்களை எடுப்பது என்பது இன்னொன்று. "மேத்ஸ் பிடிக்குமா தம்பி?" என்று அவனைத்தான் கேட்டேன். "பிடிக்கும் சார், இந்த போன்தான் கெடுக்குது" என்று பதில் சொன்னது நீங்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

நீங்கள் வெளியே இருந்தபோது அவன் சொன்னதை, அவன் சம்மதத்தோடு எழுதுகிறேன். போன் விளையாட்டு பதினொரு மணிக்கே சலித்துவிடுகிறதாம். ஆனால் நாலு நண்பர்கள் லைனில் இருக்கும்போது "நான் தூங்கப் போறேன்" என்று சொல்ல வாய் வருவதில்லையாம். வகுப்பில் கணக்கு புரியாவிட்டாலும் கை தூக்குவதில்லை. வீட்டுக்கு வந்து யூடியூபில் தேடுகிறான். தேடப் போனவன் வேறெங்கோ போய்விடுகிறான்.

இதை அடிமைத்தனம் என்று நீங்கள் பயப்பட வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் நடைமுறையில் உள்ள வீடியோ விளையாட்டுக் கோளாறுக்கு அளவுகோல் கடுமையானது: கட்டுப்பாடு போக வேண்டும், மற்ற எல்லாம் பின்னுக்குப் போக வேண்டும், கெடுதல் தெரிந்தும் தொடர வேண்டும், பொதுவாக 12 மாதமாவது இப்படி நீடிக்க வேண்டும். உங்கள் பிள்ளை கிரிக்கெட்டுக்குப் போகிறான், உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான். பள்ளியையும் சாப்பாட்டையும் விட ஆரம்பித்தால் மட்டும் தாமதிக்காமல் உளவியல் நிபுணரிடம் காட்டுங்கள்.

போனைப் பிடுங்கினால் போன் போகும், வாய் திறக்காத பழக்கம் அப்படியே இருக்கும். இரவு பத்து மணிக்கு எல்லோருடைய போனும் ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும், அப்பாவுடையதும் சேர்த்து. நண்பர்களிடம் சொல்ல ஒரு வரி கொடுத்திருக்கிறேன்: "நாளைக்கு ஸ்கூல்டா, பத்துக்கு நான் கிளம்பிடுவேன்." விளையாட்டு தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும், நடுவில் சொல்வதுதான் கஷ்டம். வீட்டிலும் அவன் "வேண்டாம்" என்றால் உடனே அதட்டாமல் "ஏன்பா?" என்று கேட்டு, அவன் முடிக்கும்வரை காத்திருங்கள். பெரியவர்களை எதிர்த்துப் பேசப் பழகிவிடுவானோ என்று கேட்டீர்கள். மறுத்துப் பேசுவது வேறு, மரியாதை கெடப் பேசுவது வேறு. முதலாவதை வீட்டில் பழகாத பிள்ளை வெளியில் எவன் இழுத்தாலும் போவான். எனக்கு அதுதான் பெரிய கவலை.

இப்போது எந்தப் பாடங்களை எடுப்பது என்ற விஷயம். அக்கவுண்டிங் எடுக்கச் சொல்லி அப்பா கேட்டபோது "சரி" என்றானாம். என்னிடம் நோட்டின் பின்பக்கத்தைக் காட்டினான்: வீட்டு பிளான்கள், கதவு திறக்கும் பக்கம்வரை அளவோடு வரைந்திருக்கிறான். மெட்ரிக்கில், அதாவது பன்னிரண்டாம் வகுப்புப் பள்ளி இறுதித் தேர்வில், இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் அண்ட் டிசைன் (பொறியியல் வரைபடம்) என்றே ஒரு பாடம் இருக்கிறது. அவன் பள்ளியில் அது உண்டா என்று விசாரியுங்கள். அதோடு பிசிக்கல் சயன்ஸஸும் சேர்ந்தால் நல்லது. மேத்ஸை மட்டும் விட வேண்டாம். மேத்ஸுக்குப் பதிலாக எடுக்கும், அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் மேத்ஸ் லிட்டை (மேத்தமேட்டிகல் லிட்டரசி) வைத்துக்கொண்டு இன்ஜினியரிங்குக்குப் போக முடியாது. மேத்ஸிலிருந்து அதற்கு மாறுவது எளிது, அங்கிருந்து திரும்பி வருவது மிகக் கடினம்.

பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் படிவத்தில் இன்னும் கையெழுத்துப் போடாதீர்கள். அடுத்த முறை அப்பாவும் வரட்டும். அக்கவுண்டிங் ஏன் வேண்டாம் என்று அவரிடம் அவனே சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறான்; அவன் பேசி முடிக்கும்வரை நீங்களும் நானும் குறுக்கே பேசாமல் இருப்போம்.