கிறிஸ்தவ நாவல்களையும் டீன் ஏஜ் பிள்ளைகளுக்கான நாவல்களையும் பெரியவர்கள் விரும்பிப் படிப்பது ஏன்? நீங்கள் எவற்றைப் பரிந்துரைப்பீர்கள்?

கேள்வி கேட்டவர் கீழே விளக்கத்தில், 'நாற்பதைத் தாண்டியவர்கள்கூட இதையெல்லாம் படிப்பார்களா?' என்று சேர்த்திருக்கிறார். படிப்பார்கள். நான் படிக்கிறேன், வெட்கமில்லாமல்.

எனக்கு இந்த இரண்டு வகையும் தனித்தனி அலமாரி இல்லை. பதின்மூன்று, பதினான்கு வயதில்தான் ஒரு பிள்ளை, வீட்டிலும் ஓய்வுநாள் பள்ளியிலும் சொல்லிக்கொடுத்த கடவுளிடம் முதல்முறையாகக் கணக்குக் கேட்கிறது. பெரியவர்களாகிய நாம் பெரும்பாலும் ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டோம்: நம்புகிறவர்கள் நம்புகிறோம், விட்டவர்கள் விட்டுவிட்டோம். அந்தக் கேள்வி சூடாக இருக்கும் வயதைப் பற்றி எழுதினால் கதையும் சூடாக இருக்கிறது. அதற்காகத்தான் படிக்கிறேன்.

முதலில் 'கிறிஸ்தவ நாவல்' என்று முத்திரை குத்தியே வருபவை. அமெரிக்காவில் இதற்கென்றே பதிப்பகங்கள் உண்டு. 1979இல் வந்த ஜேனட் ஓக்கின் 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' இந்த வகைக்குப் பெரிய சந்தை இருக்கிறது என்று காட்டிய நாவல். மேற்கு நோக்கி வண்டி கட்டிப் போகும் வழியில் மார்ட்டியின் கணவன் இறந்துவிடுகிறான். அடக்கம் முடிந்த அன்றே கிளார்க் என்பவர், தாயில்லாத தன் சின்ன மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், பெயருக்குக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்கிறார். முடிவு என்ன என்று அட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் சமைக்கத் தெரியாத மார்ட்டி வேளாவேளைக்கு பேன்கேக்கையே சுட்டு வைப்பதும், அந்த மனுஷன் முகம் சுளிக்காமல் சாப்பிடுவதும் எனக்கு இன்னும் பிடிக்கும். காய்ச்சலில் படுத்திருக்கும்போது படிக்க இதைவிட நல்ல புத்தகம் கிடையாது. இதே வகையில் வரும் பலவற்றில், நூற்றைம்பதாவது பக்கம் வந்ததும் கதாநாயகி முழங்காலில் நின்றே ஆக வேண்டும் என்று ஆசிரியர் முடிவு செய்துவிடுகிறார். பிரசங்கம் கேட்க வேண்டுமென்றால் நான் ஆலயத்துக்கே போய்விடுவேனே.

கேத்தரின் மார்ஷலின் 'கிறிஸ்டி' (1967) அப்படி இல்லை. 1912இல் டென்னசி மலைக்கிராமம் ஒன்றின் மிஷன் பள்ளிக்குப் பாடம் நடத்தப் போகும் பத்தொன்பது வயதுப் பெண்ணின் கதை. ஆசிரியை தன் தாயின் அனுபவத்தை வைத்து எழுதியது. சேவை செய்யப் போகிறோம் என்ற பெருமிதம் அந்த மலையின் நாற்றத்திலும் டைபாய்டிலும் எப்படிக் கரைகிறது என்பதை அவசரமில்லாமல் சொல்கிறார். கிறிஸ்தவப் புனைவுக்கு இன்று கொடுக்கப்படும் கிறிஸ்டி விருதுக்கு இந்த நாவலின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அதில் இளையோர் நாவலுக்கும் தனிப் பரிசு உண்டு.

ஆனால் ஒரே ஒருவரைச் சொல் என்றால் நான் கேத்தரின் பேட்டர்சனைத்தான் சொல்வேன். சீனாவில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர், தானே ஜப்பானில் மிஷனரியாக இருந்தவர், ஒரு பிரெஸ்பிட்டேரியன் போதகரை மணந்தவர். அவர் நாவல்களில் கிறிஸ்தவ முத்திரை எதுவும் இருக்காது. 1977இல் வந்த 'பிரிட்ஜ் டு டெரபித்தியா' அமெரிக்கப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் திரும்பத் திரும்ப ஆட்சேபத்துக்கு ஆளான புத்தகம். ஆட்சேபித்தவர்களில் பக்தியுள்ள பெற்றோர் நிறைய. கதையில் வருபவர்கள் பேச்சுக்குப் பேச்சு 'லார்டு' என்று ஆண்டவர் பெயரை வீணாக இழுக்கிறார்களாம்.

அதில் ஓர் ஈஸ்டர் ஞாயிறு வருகிறது. ஜெஸ் வர்ஜீனியா கிராமத்து ஏழைப் பையன். அவன் தோழி லெஸ்லி, படித்த எழுத்தாளர் தம்பதியின் மகள். ஆலயத்துக்கே போகாத குடும்பம். வேடிக்கை பார்க்க ஜெஸ் வீட்டாரோடு ஆராதனைக்கு வருகிறாள். திரும்பும்போது டிரக்கின் பின்பக்கம் உட்கார்ந்து, இயேசுவின் கதை எவ்வளவு அழகு என்கிறாள். ஜெஸ்ஸுக்கும் அவன் குட்டித் தங்கை மே பெல்லுக்கும் திகைப்பு. அவர்களுக்கு அது ஆணி, ரத்தம், நம்ம பாவம், பயம். நம்பியே ஆக வேண்டிய நீங்கள் அதை வெறுக்கிறீர்கள், நம்ப வேண்டிய கட்டாயமில்லாத எனக்கு அது அழகாக இருக்கிறது, விசித்திரம்தான் என்கிற பொருளில் லெஸ்லி சொல்கிறாள். உடனே மே பெல் கவலையோடு கேட்கிறாள்: வேதாகமத்தை நம்பாமல் நீ செத்துப்போனால் என்ன ஆகும்?

கொஞ்ச நாளில் லெஸ்லி ஓடையில் விழுந்து இறந்துவிடுகிறாள். அந்தச் சிறுமியின் கேள்வி இப்போது ஜெஸ்ஸின் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துகொள்கிறது. நாவல் அவனுக்கு ஒரு போதகரை அனுப்பவில்லை. அதுவரை அவனிடம் அன்பாக நாலு வார்த்தை பேசாத, வேலை வேலை என்று அலுத்துப்போன அப்பாதான் ஓடைக்கரையில் அவனை மடியில் இழுத்து உட்காரவைக்கிறார். மே பெல் சொன்னாளே என்று பையன் இழுக்கிறான். மே பெல் என்ன கடவுளா, சின்னப் பிள்ளைகளை எந்தக் கடவுளும் நரகத்துக்கு அனுப்ப மாட்டார் என்று அதட்டுகிறார். அவர் வாயிலும் அந்த 'லார்டு' வருகிறது! பெற்றோர் அடிக்கோடிட்டுப் புகார் எழுதிய அந்த வார்த்தை, எனக்கு அந்த இடத்தில் ஜெபமாகத்தான் கேட்கிறது. பேட்டர்சன் இதை எழுதக் காரணம், மகனின் தோழியான எட்டு வயதுச் சிறுமி மின்னல் தாக்கி இறந்துபோனது. அதனால்தானோ என்னவோ, ஆறுதல் என்ற பெயரில் ஒரு பொய்கூட இல்லை.

அவருடைய 'ஜேக்கப் ஹாவ் ஐ லவ்ட்' (1980) இன்னும் கசப்பு. செசபீக் விரிகுடாவில், மெத்தடிஸ்ட் மீனவர்கள் வாழும் ஒரு தீவு. இரட்டையரில் மூத்தவள் லூயிஸ். பின்னால் பிறந்து சாகக் கிடந்து பிழைத்த கேரோலைன்தான் வீட்டுக்கும் ஊருக்கும் செல்லம். தங்கையின் பாட்டுப் படிப்புக்குப் பண உதவி கிடைக்கும் நாளில் பாட்டி வந்து லூயிஸின் காதருகே, 'யாக்கோபைச் சிநேகித்து, ஏசாவை வெறுத்தேன்' என்கிறாள். வேதாகமத்து இரட்டையரில் மூத்தவன் ஏசா, இளையவன் யாக்கோபு. வசனம் ரோமர் ஒன்பது, பதின்மூன்று. லூயிஸ் போய் வேதாகமத்தைப் புரட்டுகிறாள். அதைப் பேசுவது கடவுளே என்று தெரிந்ததும் ஜெபிப்பதை நிறுத்திவிடுகிறாள். வசனத்தைக் கத்தியாக எடுக்கும் பாட்டியைக் கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்த எவருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இந்தக் காயத்துக்கு மருந்து நாவலின் கடைசிப் பக்கங்களில் வருகிறது, அதுவும் ஒரு பிரசவ அறையில். என்னவென்று சொல்ல மாட்டேன்.

நார்னியா எல்லோருக்கும் தெரியும். அதில் வரும் சிங்கம் ஆஸ்லானை இன்றும் நேசிக்கிறேன். ஆனால் ஏழாவது புத்தகத்தில், முதல் கதையில் நார்னியாவுக்குப் போன நான்கு பிள்ளைகளில் சூசனை மட்டும் லிப்ஸ்டிக், நைலான் ஆசை வந்துவிட்டது என்று வாசலுக்கு வெளியே நிறுத்தியதற்காக சி. எஸ். லூயிஸிடம் எனக்கு இன்னும் கோபம் உண்டு. மேடலின் லெங்கிலின் 'எ ரிங்கிள் இன் டைம்' (1962) அந்த விஷயத்தில் பெரிய மனசுக்காரப் புத்தகம். தீமை என்ற இருளோடு போராடிய பூமிக்காரர்கள் யார் யார் என்று அதில் ஒரு பட்டியல் வரும். இயேசு முதலில், அப்புறம் பாக், ஐன்ஸ்டைன், புத்தர், நம்ம காந்தி! இயேசுவை மற்றவர்களோடு ஒரே வரிசையில் நிறுத்தலாமா என்று அதற்கும் சண்டை நடந்தது.

தமிழில் இப்படி என்ன இருக்கிறது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். பதின்பருவத்தினருக்கான கிறிஸ்தவ நாவல் என்று கைநீட்டிக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையை எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகமாக, கம்பன் வாசனையோடு பாடி 1894இல் வெளியிட்டார். அதே பனியன் கதையைத்தான் லூயிசா மே ஆல்காட்டின் 'லிட்டில் விமன்' நாவலில் வரும் பெண்கள் நால்வரும் முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு, நிலவறையிலிருந்து மொட்டைமாடிவரை ஏறி விளையாடுவார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு 'லிட்டில் விமன்' நாவலிலிருந்தே ஆரம்பிக்கலாம். பன்னிரண்டுக்கு 'டெரபித்தியா', நீங்களும் கூடவே படிப்பதாக இருந்தால். 'ஜேக்கப்' பதினைந்துக்கு மேல்.

ஒரு எச்சரிக்கை. பிரான்சின் ரிவர்ஸின் 'ரிடீமிங் லவ்'வை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். வேதாகமத்தில், துரோகம் செய்த மனைவியைத் திரும்ப ஏற்றுக்கொள்ளும் ஓசியா தீர்க்கதரிசியின் கதையைக் கலிபோர்னியா தங்க வேட்டைக் காலத்துக்குக் கொண்டுபோன நாவல், விறுவிறுப்பானதுதான். ஆனால் சிறுமியாகவே பாலியல் தொழிலுக்கு விற்கப்பட்ட பெண்ணின் கதை அது. 'கிறிஸ்தவ நாவல்' என்ற வார்த்தையை நம்பி எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கிவிடாதீர்கள்.