சொன்னது வெளியே போகுமா? கல்லூரிக் கவுன்சிலிங் பற்றி மாணவர்களின் கேள்விகள்

(கேள்விகள் சென்னைக் கல்லூரி மாணவர்களுடையவை. பெயர்களும் கல்லூரிகளும் நீக்கப்பட்டுள்ளன. இங்கே கவுன்சிலிங் என்பது மனநல ஆலோசனை. பொறியியல் சீட் எடுக்கும் கவுன்சிலிங் அல்ல!)

கேள்வி (பொறியியல், இரண்டாம் ஆண்டு): மேடம், எங்க காலேஜ் கவுன்சிலர்கிட்ட பேசினா எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) காதுக்குப் போயிடும்னு சீனியர்ஸ் சொல்றாங்க. உண்மையா?

பதில்: போவதுண்டு. ஆனால் பெரும்பாலும் ஆலோசகர் வாய்வழியாக அல்ல, காகித வழியாக. அறை வாசலில் ஒரு ரெஜிஸ்டர் கிடக்கும், நூலில் கட்டிய பேனாவோடு: பெயர், பதிவு எண், துறை, வந்த காரணம். உங்களுக்குப் பின்னால் வருபவர் உங்கள் வரியைப் படித்துவிட்டுத்தான் தன் பெயரை எழுதுவார். காரணம் என்ற கட்டத்தில் 'பொது' என்று எழுதுங்கள், போதும்.

இரண்டாவது ஓட்டை கூகுள் படிவம். அப்பாயின்ட்மென்ட் கேட்டு நீங்கள் நிரப்புவதை, அந்தப் படிவத்தை உருவாக்கியவர் பார்ப்பார். பல இடங்களில் அது அலுவலக உதவியாளர். அதில் பிரச்சினையை விவரிக்காமல் நேரம் மட்டும் கேளுங்கள். மூன்றாவது ஓ.டி. சீட்டு, அதாவது வகுப்பில் இல்லாததற்கு 'ஆன் டூட்டி' அனுமதி. வகுப்பு நேரத்தில் போனால் கையெழுத்து வேண்டும், கையெழுத்து வேண்டுமென்றால் காரணம் வேண்டும். மதிய இடைவேளையிலோ கடைசி மணிக்குப் பிறகோ நேரம் கேட்டு வாங்குவது நல்லது. ஒரு அமர்வு வழக்கமாக 45 முதல் 50 நிமிடம்.

இன்னொன்று: உங்கள் மென்டர் (உங்களைக் கவனிக்க நியமித்த ஆசிரியர்) வேறு, ஆலோசகர் வேறு. மென்டரிடம் சொன்னது மென்டர் புக்கில் ஏறலாம். அந்த ஃபைல், கல்லூரிக்குத் தர மதிப்பீடு தரும் நாக் (NAAC) குழு வரும் நாளில் மேசையில் அடுக்கி வைக்கப்படும் ஃபைல். பாடம் நடத்துபவரையே 'கவுன்சிலிங் பொறுப்பாளர்' ஆக்கியிருந்தால், மார்க் போடுகிறவரிடம் மனம் திறக்கச் சொல்கிறார்கள் என்று பொருள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

கேள்வி: அப்போ ஆலோசகரை நம்பலாமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

பதில்: முதல் சந்திப்பின் முதல் ஐந்து நிமிடத்தில், உங்கள் கதையைத் தொடங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். குறிப்புகளை எங்கே வைக்கிறீர்கள், சாவி யாரிடம்? நிர்வாகம் அறிக்கை கேட்டால் என்ன கொடுப்பீர்கள்? எந்த நிலைமையில் என்னைக் கேட்காமலே இன்னொருவரிடம் சொல்வீர்கள்?

இரண்டாவது கேள்விக்கு 'எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டும்' என்பது நல்ல பதில். மூன்றாவதற்கு 'எதையுமே யாரிடமும் சொல்ல மாட்டேன்பா, பயப்படாதே' என்று வந்தால் உஷாராக இருங்கள். முறையாகப் பயின்ற யாரும் அப்படி வாக்குக் கொடுக்க மாட்டார்கள். விதிவிலக்குகளை அவர்களே முன்கூட்டிச் சொல்வார்கள்.

கேள்வி: என்னென்ன விதிவிலக்கு?

பதில்: மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, 23ஆம் பிரிவு, சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு நேரும் நிலை, நீதிமன்ற உத்தரவு, சிகிச்சையில் பங்குபெறும் மற்ற மருத்துவர்கள் என்று சிலவே விலக்கு. அப்போதும் தேவையான அளவு மட்டுமே சொல்லலாம். இது மருத்துவமனைக்கும் மனநல நிபுணர்களுக்கும் பொருந்தும். கல்லூரி ஆலோசகரைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் தொழில்நெறியும் கல்லூரியின் சொந்த விதியும்தான். அதனால்தான் அந்த மூன்று கேள்விகள்.

முதலாண்டு மாணவர்கள் கவனிக்க: உங்களுக்கு 18 நிரம்பவில்லை என்றால், பாலியல் அத்துமீறல் பற்றி நீங்கள் சொல்வதை ஆலோசகர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் அவருக்கு வேறு வழி வைக்கவில்லை.

கேள்வி (கலைக் கல்லூரி மாணவி, வயது 19): அம்மா அப்பாவுக்கு போன் பண்ணுவாங்களா?

பதில்: 18 தாண்டிய உங்களைக் கேட்காமல், உயிராபத்து இல்லாதபோது கூப்பிடக் கூடாது. ஆனால் அட்மிஷன் அன்று நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாள்களில் 'பெற்றோருக்குத் தகவல் அளிக்கச் சம்மதம்' என்று ஒரு வரி இருக்கலாம். ஆலோசகரிடம் அதைக் கேளுங்கள். நெருக்கடியில் அழைக்க வேண்டிய ஆளாக யாரை எழுதுவது என்பது உங்கள் விருப்பம். அக்காவோ சித்தியோ இருக்கலாம். வெளியே தனியார் ஆலோசகரிடம் போகிறவர்கள் அப்பாவின் ஜிபேயில் பணம் கட்டிவிட்டு, ரகசியம் எப்படி வெளியானது என்று யோசிக்க வேண்டாம்.

கேள்வி: கையில் காசு இல்லை, காலேஜ் பக்கமும் போகப் பிடிக்கல.

பதில்: 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரம், தமிழில் பேசலாம். நேரில் என்றால் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம். இருப்பது அயனாவரம் மேடவாக்கம் டேங்க் ரோட்டில், 1794 முதல் நடப்பது. அந்தப் பெயரைக் கேட்டாலே தயக்கமா? ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் மனநலப் பிரிவு உண்டு. ஆயிரம் பேர் நிற்கும் இடத்தில் நீங்கள் எந்த ஓ.பி.க்கு வந்தீர்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. பரிந்துரைக் கடிதம் வேண்டாம், காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குங்கள். வரிசை நீளும், முதல் நாள் மருத்துவர் பேசும் நேரம் குறைவாகத்தான் இருக்கும். அதனால் தூக்கம், சாப்பாடு, எத்தனை வாரமாக என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

மருந்து எழுதுவது மருத்துவர் மட்டுமே, ஆலோசகர் அல்ல. மனச்சோர்வு மருந்துகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரமாவது ஆகும். ஐந்தாம் நாளே 'ஒண்ணும் ஆகல' என்று நிறுத்துவதும், சரியானதும் சட்டென நிறுத்துவதும்தான் அதிகம் நடக்கும் தப்பு.

கேள்வி: கவுன்சிலிங் போனது பிளேஸ்மென்ட்டில் தெரியுமா?

பதில்: மார்க் ஷீட்டிலும் டி.சி.யிலும் இதற்கென்று கட்டமே கிடையாது. மருத்துவத் தகுதிச் சோதனை உள்ள வேலைகளில் மருந்து பற்றி நேராகக் கேட்டால் மறைக்காதீர்கள்.

கேள்வி (விடுதி மாணவர்): ரூம்மேட் சாகணும் போல இருக்குன்னு சொன்னான். யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டான்.

பதில்: அந்தச் சத்தியத்தை மீறுங்கள், இன்றைக்கே. ஆனால் அவன் முதுகுக்குப் பின்னால் அல்ல: 'உன்னைத் தனியா விட எனக்குப் பயமா இருக்குடா, சேர்ந்து போன் பண்ணலாம்' என்று சொல்லி 14416ஐ ஸ்பீக்கரில் போடுங்கள். சாக நினைக்கிறாயா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்டதே பலருக்கு ஆறுதல். உடனடி ஆபத்து என்று பட்டால் தனியே விடாமல் 108, பிறகு வார்டன். 'போலீஸ் கேஸ் ஆகிடும்' என்று தயங்க வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது அதே மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு.

கேள்வி: எங்க காலேஜ்ல ஆலோசகரே இல்லை.

பதில்: 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது. மாணவர் மன்றம் வழியாக அதைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: ஒரு சார் பண்ற பாலியல் தொல்லையைக் கவுன்சிலர்கிட்ட சொல்லி ரெண்டு மாசம் ஆச்சு. ஒரு நடவடிக்கையும் இல்லை.

பதில்: அவரிடம் சொன்னது புகார் ஆகாது. ரகசியம் காக்கிறார் என்றால் அவராக எடுத்துக்கொண்டு போகவும் முடியாது. உள்ளகப் புகார்க் குழுவுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும், சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள். தக்க காரணம் இருந்தால் மட்டுமே இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். உங்களுக்கு இரண்டு மாதம் போய்விட்டது. தேதி, இடம், யார் பார்த்தார்கள் என்று இந்த வாரமே எழுதுங்கள். எழுத உதவும்படி அந்த ஆலோசகரிடமே கேட்கலாம். கொடுத்த நகலில் பெற்றுக்கொண்ட கையெழுத்தும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.