இரவு இரண்டு மணி வலி

கேள்வி: என் மகனுக்கு 19 வயது, பாலிடெக்னிக் கடைசி வருடம். ஒரு வருடத்துக்கு மேலாக வலது மணிக்கட்டில் வலி. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். எண்ணெய்க் கட்டும் போட்டுப் பார்த்தோம். ஒரு டாக்டர், எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு, எலும்பு டி.பி.யாக இருக்கலாம் என்றார். இப்போது சி.டி. ஸ்கேனில் ‘கேப்பிடேட் எலும்பில் 8 மி.மீ. ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா’ என்று வந்திருக்கிறது. பல்வலிக்கு மாத்திரை போட்ட அன்று மட்டும் விடியும்வரை தூங்கினான். இது கேன்சரா? செல்போனால் வந்ததா? மே மாதத் தேர்வுக்கு முன்பே ஆபரேஷன் வேண்டுமா?
- ஒரு தாய், திருப்பூர்

பதில்: கேன்சர் இல்லை அம்மா. ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்பது எலும்பில் வரும் சாதுவான சிறு கட்டி; உங்கள் மகனுக்கு மணிக்கட்டின் நடுவிலுள்ள கேப்பிடேட் என்ற சிறு எலும்பில் வந்திருக்கிறது. கேன்சராக மாறவும் மாறாது. செல்போனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்தது அந்தப் பல்வலி மாத்திரை வரியைத்தான். கொண்டைக்கடலை அளவுள்ள இந்தக் கட்டி, புராஸ்டாகிளாண்டின் என்ற வலி கிளப்பும் பொருளை ஓயாமல் சுரக்கும். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் அதைத்தான் தடுக்கின்றன. இரவு வலி, மாத்திரைக்குச் சட்டென்று அடங்குவது, இளம் வயது... மூன்றும் சேர்ந்தால் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வருவதில்லை. மணிக்கட்டில் இது அபூர்வம். எட்டுச் சிறு எலும்புகளின் நிழல் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் எக்ஸ்ரேயில் ஒளிந்துகொள்ளும். எம்.ஆர்.ஐ.யில் எலும்பு முழுக்க நீர் கோத்ததுபோலத் தெரிவதால் டி.பி. என்று தோன்றிவிடும். 1935-ல் நியூயார்க்கில் ஹென்றி ஜாஃபே இதைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டும்வரை, கிருமித் தொற்று என்றே பலரும் நினைத்திருந்தார்கள். மெல்லிய துண்டுகளாக எடுக்கும் சி.டி.தான் காட்டிக்கொடுக்கும். நானே பயிற்சிக் காலத்தில் ஒரு பெண்ணுக்குத் தசைநார் வீக்கம் என்று ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டு வைத்திருக்கிறேன். பாவம், அந்தக் கட்டோடும் அவள் தூங்கவில்லை.

திசுப் பரிசோதனையில் நிரூபணம் இல்லாமல் டி.பி. மாத்திரை தொடங்க வேண்டாம்.

அப்புறம் சிகிச்சை. சில வருடங்களில் தானாகவே அடங்குவதும் உண்டு. ஆனால் அதுவரை தினமும் மாத்திரை என்றால் வயிறும் சிறுநீரகமும் கேள்வி கேட்கும். ஊசி செலுத்தி ரேடியோ அலைச் சூட்டில், சுமார் 90 டிகிரியில், கட்டியைக் கருக்கும் முறை தொடை எலும்புக்கு அருமையானது. மணிக்கட்டில் நரம்பும் தோலும் பக்கத்திலேயே இருப்பதால் எனக்குத் தயக்கம். திறந்து, கட்டியின் கருவை முழுதாகச் சுரண்டி எடுப்பதையே நான் விரும்புவேன். கொஞ்சம் மிச்சம் விட்டாலும் வலி திரும்பும். எடுத்ததைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆபரேஷன் முடிந்த அன்று இரவே அந்தப் பழைய வலி இல்லை என்று பலரும் சொல்வார்கள். தையல் வலி வேறு கணக்கு.

அவசரமில்லை. ஆபரேஷனுக்குப் பின் சில வாரங்கள் கையில் கட்டு இருக்கும், அதுவும் எழுதுகிற கை. தேர்வு முடியட்டும். அதுவரை உங்கள் டாக்டர் எழுதித் தரும் மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். வயிறு எரிந்தாலோ மலம் கறுத்தாலோ நிறுத்திவிட்டு உடனே அவரைப் பாருங்கள்.