ஓய்வு பெற்றவர் கையில் நகரக் காவல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் சிகாகோவில் வசிக்கிறாள். அந்நகரின் காவல்துறைத் தலைவர் பதவி காலியானபோது, ஓய்வு பெற்ற ஒருவரை அழைத்து இடைக்காலப் பொறுப்பில் அமர்த்தினார்களாம். பணியில் இருக்கும் அதிகாரிகளை விட்டுவிட்டு இப்படிச் செய்வது முறையா? நம் நாட்டில் இது நடக்குமா?
- தேவகோட்டை வாசகர்

பதில்: சிகாகோவில் அண்மைக் காலத்தில் இது இரண்டு முறை நடந்திருக்கிறது. 2019 நவம்பரில் அப்போதைய தலைவர் எடி ஜான்சன் ஓய்வு பெறப்போவதாக அறிவித்ததும், லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறைக்கு 2009 முதல் 2018 வரை தலைமை வகித்து ஓய்வு பெற்றிருந்த சார்லி பெக்கை மேயர் லோரி லைட்ஃபுட் அழைத்தார். 2023 மே மாதத்தில், சிகாகோ காவல்துறையிலேயே நெடுங்காலம் பணியாற்றி 2020-இல் ஓய்வு பெற்ற பிரெட் வாலர் அழைக்கப்பட்டார். முன்னவர் வெளியூர்க்காரர், பின்னவர் உள்ளூர்க்காரர். ஆனால் நிரந்தரப் பதவியை இருவருமே நாடவில்லை.

அந்த ஒரு காரணத்துக்காகவே இதை முறை என்று சொல்வேன். பணியில் உள்ள மூத்த அதிகாரி ஒருவரைப் பொறுப்பில் வைத்தால், பெரும்பாலும் அவரே நிரந்தரப் பதவிக்கும் போட்டியாளராக இருப்பார்; தம்மைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர் மனம் கோணக்கூடாதே என்ற எண்ணம் அவருடைய ஒவ்வொரு உத்தரவிலும் கலந்துவிடும்; கீழே உள்ளவர்களும் அவர் பக்கம், எதிர்ப்பக்கம் என்று பிரிந்து நிற்பார்கள். இனி எதையும் பெற வேண்டியிராத ஒருவருக்கு இந்த இக்கட்டு இல்லை.

ஆனால் போகும் நாள் தெரிந்திருக்க வேண்டும். பர்மாவிலும் மலாயாவிலும் செட்டிநாட்டு நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகளில் ஏஜண்டுக்கு வழக்கமாக மூன்றாண்டுக் கணக்குதான். அது முடிந்ததும் ஐந்தொகை (சொத்து, கடன் காட்டும் இறுதிக் கணக்கு) எடுத்து, அடுத்து வருபவரிடம் பேரேட்டை ஒப்படைத்துவிட்டு ஊருக்குக் கப்பலேறுவார். தவணை முன்கூட்டியே தெரிந்திருந்ததால்தான் கடலுக்கு அப்பால் இருந்த பெரும் மூலதனத்தை ஒருவர் கையில் நம்பி விட முடிந்தது என்று இங்குள்ள பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

பெக் செய்ததில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்றும் உண்டு. 2020 தொடக்கத்தில் அவர் துறையின் அமைப்பையே மாற்றி, தனிப்பிரிவுகளில் இருந்த காவலர்கள் பலரைப் பகுதி நிலையங்களின் கீழ்க் கொண்டுவந்தார். ஏப்ரலில் அவர் விலக, அடுத்து வந்த டேவிட் பிரவுன் அந்த ஆண்டிலேயே நகரம் முழுமைக்குமான தனிப்படைகளை அமைத்தார். சில மாதங்களுக்கு வருபவர் வீட்டைக் காக்க வேண்டுமே தவிர, சுவரை இடித்துக் கட்டக்கூடாது. அலைக்கழிவது நிலையத்துக் காவலர்தான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னை போன்ற பெருநகரத்தின் காவல் ஆணையர் பதவி இந்தியக் காவல் பணிக்கு உரியது. அப்பணிக்குரிய பதவிகளில் யார் அமரலாம் என்று சொல்லும் 1954-ஆம் ஆண்டின் கேடர் விதிகளின்படி பணியில் இருக்கும் அதிகாரியே அதில் அமர வேண்டும் என்பது பொதுவிதி. ஆகவே ஓய்வு பெற்றவரை வீட்டிலிருந்து அழைப்பதற்குப் பதிலாக, ஓய்வுக்கு முன்பே பணியை நீட்டிப்பதுதான் இங்கே வழக்கம். 2021 ஜூலையில் ஓய்வு பெற நான்கே நாட்கள் இருந்தபோது ராகேஷ் அஸ்தானாவுக்கு ஓராண்டு நீட்டிப்பு அளித்து டெல்லி காவல் ஆணையராக்கினார்கள். தமிழ்நாட்டிலும் டி.கே. ராஜேந்திரன் 2017 ஜூன் 30 அன்று, தாம் ஓய்வு பெற வேண்டிய நாளிலேயே, இரண்டாண்டுக் காலத்துக்குக் காவல்துறைத் தலைமை இயக்குநராக நியமிக்கப்பட்டார்.

நம்மிடம் உள்ள பெரிய குறை காலவரையில்லாத 'பொறுப்பு' நியமனம் என்பதே என் கருத்து. மாநிலக் காவல்துறைத் தலைவருக்குக் குறைந்தது இரண்டாண்டுப் பதவிக்காலம் வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. 'பொறுப்பு' தலைவரை நியமிக்கவே கூடாது என்று 2018 ஜூலையில் உத்தரவிட்டது. அப்படியிருந்தும் 2025 ஆகஸ்ட் 31 அன்று தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவர் சங்கர் ஜிவால் ஓய்வு பெற்றபோது, ஜி. வெங்கடராமன் பொறுப்புத் தலைவராகவே அமர்த்தப்பட்டார். அவரது தகுதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஓய்வு பெறும் நாள் பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த ஒரு பதவிக்கு, உரிய காலத்தில் ஆளைத் தேர்ந்தெடுக்காததைத்தான் ஏற்க முடியவில்லை.

கேள்வி: 2024-இல் காரைக்குடி மாநகராட்சியாகிவிட்டது. இனி நமக்கும் காவல் ஆணையர் வருவாரா?
- காரைக்குடி வாசகி

பதில்: மாநகராட்சி ஆவதாலேயே காவல் ஆணையரகம் வந்துவிடாது, அதற்கு அரசு தனியே ஆணையிட வேண்டும். ஆவடிக்கும் தாம்பரத்துக்கும் 2022 தொடக்கத்தில் அப்படித்தான் வந்தது. அவற்றுக்கு முன்பே மாநகராட்சியான வேலூரும் தஞ்சாவூரும் மாவட்டக் கண்காணிப்பாளரின் கீழேயே இருக்கின்றன. ஆனால் ஒன்றை இப்போதே நாம் கேட்கலாம், அம்மா. மேற்சொன்ன 2006 தீர்ப்பின் இரண்டாண்டு விதி மாவட்டக் கண்காணிப்பாளருக்கும் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும் பொருந்தும். சிவகங்கைக் கண்காணிப்பாளருக்கும் காரைக்குடி ஆய்வாளருக்கும் அந்த இரண்டாண்டு கிடைக்கிறதா என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் எழுதிக் கேளுங்கள்.