பெயின்ற் அடிக்கும் வேலையும் மூச்சு இழுப்பும்

தம்பி, ஸ்காபரோவில் கார் பெயின்ற் அடிக்கிற இடத்தில் எட்டு மாதமாக நிற்கிறீர்கள், இருமலும் இழுப்பும் விடுகுதில்லை, முதலாளி மேல் வழக்குப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

கனடாவில், ஸ்காபரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் பெரும்பாலும் போட முடியாது. 1915இலிருந்து இருக்கிற ஏற்பாடு இது: தொழிலாளி வழக்குப் போடுகிற உரிமையை விடுகிறார், பதிலுக்கு யார் பிழை என்று பாராமல் நட்டஈடு கிடைக்கும். காசு முதலாளிமார் கட்டுகிற நிதியிலிருந்து வரும். இதை நடத்துவது டபிள்யூ.எஸ்.ஐ.பி என்கிற வேலையிடப் பாதுகாப்பு, காப்புறுதிச் சபை. வேலை செய்ய ஏலாமல் போனால் கையில் வரும் சம்பளத்தில் 85% வரை கிடைக்கும்.

ஆனால் வருத்தம் வேலையால்தான் வந்தது என்று காட்ட வேண்டும். நான் கோட்டை விட்டது அங்கேதான். நானும் இப்படி ஒரு இடத்தில் நின்றவன். பெயின்ற் இறுகுவதற்குக் கலக்கிற ஹார்ட்னரில் பெரும்பாலும் ஐசோசயனேட் என்ற இரசாயனம் இருக்கும். உடம்புக்கு ஒருமுறை அது ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு துளி பட்டாலும் இழுக்கும். இரவில் வீட்டில்தான் கூடுதலாக இழுத்தது, அதனால் குளிர் என்று நினைத்துவிட்டேன். தாங்க முடியாமல் முதலில் வேலையை விட்டேன், பிறகுதான் டொக்டரிடம் போனேன். வேலை நாளில் மூச்சு எப்படி, லீவு நாளில் எப்படி என்று ஒப்பிட அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை. பிறகு இரண்டு வருட அலைச்சல்.

நீங்கள் இந்தக் கிழமையே டொக்டரைப் பாருங்கள். என்ன வேலை, என்ன பெயின்ற் என்று சொல்லுங்கள். ஊதிப் பார்க்கிற பீக் ஃப்ளோ மீற்றர் தருவாரா என்று கேட்டு, வேலை நாளும் லீவு நாளும் அளவைக் குறித்து வையுங்கள். தொடர்ந்து வேலைக்குப் போகலாமா என்பதை அவர் சொல்லட்டும். பெயின்றிலும் ஹார்ட்னரிலும் என்ன இருக்கிறது என்று சொல்கிற பாதுகாப்புத் தரவுத் தாளை வேலையிடத்தில் கேளுங்கள், அதைக் காட்டுவது அவர்கள் கடமை.

வேலையால் வந்த நோய் என்று ஏற்க வைக்கச் சிலருக்கு வெகு காலம் எடுத்தது. ஒன்ராறியோ சுரங்கத் தொழிலாளரை 1943 முதல் 1979 வரை மக்கின்ரயர் பவுடர் என்ற அலுமினியத் தூளைச் சுவாசிக்க வைத்தார்கள். அதனால் வந்த பார்க்கின்சன் நோயை ஒன்ராறியோ தொழில் நோயாக ஏற்றது 2022இல்தான். உங்களுக்கு அவ்வளவு பாடு இராது. ஐசோசயனேட்டால் ஆஸ்துமா வரும் என்பது டொக்டர்மாருக்குப் பழைய செய்தி.

வருத்தம் இன்னதென்று தெரிந்து 6 மாதத்துக்குள் டபிள்யூ.எஸ்.ஐ.பிக்கு விண்ணப்பியுங்கள். ஏஜென்சி மூலம் வேலைக்குப் போகிறவர்களும் நட்டஈடு கேட்கலாம். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. யூனியன் இல்லாதவர்களுக்குத் தொழிலாளர் ஆலோசகர் அலுவலகம் இலவசமாக உதவும், காசு கேட்கிற ஆட்களிடம் ஓட வேண்டாம்.

நாளைக்கே அந்த ஹார்ட்னர் டின்னைப் படம் எடுத்து வையுங்கள். என்னிடம் அதுகூட இருக்கவில்லை.